பத்து எண்ணும் வரை

மழை விடவில்லை. தேயிலைத் தோட்டத்து மண்சாலையில் நான் இறங்கிக்கொண்டிருந்தபோது பின்னால் மோட்டார் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. தோட்டத்து ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்தால் இன்னும் இரண்டு கெட்ட வார்த்தை மிச்சம் வைத்திருப்பார், அதையும் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்று ஓரமாக ஒதுங்கினேன். அவர் இல்லை. வங்காளதேசத்துத் தொழிலாளி ஒருவன் பின்சீட்டில் கேஸ் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, என் கால்சட்டையில் சேற்றை அடித்துவிட்டுப் போனான்.

தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு கம்பளிச் சட்டை, ஒரு பிளாஸ்டிக் கோப்பை. இப்படி இறங்கி நடப்பது எனக்குப் புதிதில்லை. ஈப்போவில் ரொட்டி சானாய்க் கடையை விட்டு நடந்திருக்கிறேன். குவா மூசாங்கில் மர லோரியிலிருந்து குதித்து நடந்திருக்கிறேன். தானா ராத்தாவில் ஓர் ஓட்டலின் பின்வாசல் வழியாக, தட்டுக் கழுவிய ஈரம் காயாத கையோடு நடந்திருக்கிறேன். அப்போதெல்லாம் கோபம் இருக்கும், சில சமயம் நிம்மதி இருக்கும். இந்தத் தடவை அருவருப்பு. வலது உள்ளங்கையை முகர்ந்து பார்த்தேன். சூடம் நாறியது. மழையில் நீட்டித் தேய்த்தேன். இன்னும் நாறியது.

பிஸ்கட்டைத் தின்றது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி திருடி என்று பெயர் எடுத்ததும், அவள் கை வெந்ததும் அதனால்தான்.

அந்தத் தோட்டத்தில் ஐந்து மாதம் இருந்தேன். எனக்கு அது நீண்ட காலம். தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயன்களுக்கும் கோயிலுக்கும் நடுவில் ஒரு பழைய ஆயாக்கொட்டகை இருந்தது. முன்பெல்லாம் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போன இடம். இப்போது அதற்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து, சுவரில் யானையும் எழுத்தும் வரைந்து, பாலர் பள்ளி ஆக்கியிருந்தார்கள். பதினோரு பிள்ளைகள், ஒரு டீச்சர். நான் எடுபிடி. கூட்டுவது, மைலோ கலக்குவது, கோப்பை கழுவுவது, மத்தியானம் பிள்ளைகளை வேனில் ஏற்றி வீடு வீடாக இறக்கிவிடுவது. படுக்கை, பின்னால் இருந்த சாமான் அறையில். இரண்டாம் படிவத்தோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, படிப்பை விட்டவனுக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது எனக்கே வேடிக்கையாகத்தான் இருந்தது.

டீச்சர் தானா ராத்தாவிலிருந்து தினமும் தன் காரை, எங்கள் வழக்கில் கெரெத்தாவை, ஓட்டிக்கொண்டு வருவார். முப்பது வயதுக்குள் இருக்கும். கெட்டவர் இல்லை. எந்தப் பிள்ளையையும் அடித்ததில்லை, குரலை உயர்த்தியதுகூட இல்லை. எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு கதை இருந்தது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நன்னெறிப் பாடம். கை கழுவாத குரங்குக்கு வயிற்றுவலி வரும். பொய் சொன்ன நரிக்கு வால் போகும். தனியாகத் தின்ற அணில் தனியாக உட்கார்ந்து அழும். தப்புச் செய்த எந்த மிருகமும் பத்தரை மணியைத் தாண்டித் தப்பியதில்லை. கதை முடிந்ததும் அந்த வாரம் ஒழுங்காக நடந்துகொண்ட பிள்ளைக்கு அலமாரி மேலிருந்த டின்னைத் திறந்து, தலையில் வண்ணச் சர்க்கரை வைத்த குட்டி ஐஸ் பிஸ்கட் மூன்று கொடுப்பார். மற்ற பிள்ளைகள் கைதட்டும். தட்டும்போது அதுகளின் கண் டின்மேலேயே இருக்கும்.

அந்த டின்னில்தான் நான் கை வைத்தேன். அரிசி தீர்ந்துபோன ஒரு சாயங்காலம், கொட்டும் மழையில் கடைவரை இறங்கி ஏறச் சோம்பல்பட்டு, ஒரு பிடி எடுத்தேன். மறுநாள் அரிசி வாங்கிவிட்டேன். ஆனாலும் எடுத்தேன். மூடியைத் திறந்தால் டமார் என்று சத்தம் வருகிறதென்று ஒரு பிளாஸ்டிக் பையில் நிறையக் கொட்டி என் மெத்தைக்கடியில் வைத்துக்கொண்டேன். பசி ஒரு நாளைக்குத்தான். மற்ற நாட்களுக்குப் பெயர் வேறு.

டீச்சர் ஒருநாள் டின்னை இறக்கிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, பாதிக்கு மேல காணோம். யாரோ நாற்காலி போட்டு ஏறி எடுத்திருக்குதுங்க."

"இருக்கும் டீச்சர்," என்றேன்.

அந்த ஒரு சொல்லை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் வாயைக் கழுவ வேண்டும்போல் இருக்கிறது.

"நேரா கேட்டா பயந்துக்கும். கதையில சொன்னாத்தான் மனசுல படும். இந்த வெள்ளிக்கிழமை நீங்க சொல்லுங்கண்ணே. நாலு ஊரு பாத்தவரு, குரலும் பெருசு. திருட்டைப் பத்தி நல்லா சொல்லுங்க."

மறுக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மறுத்தால் சந்தேகம் வருமோ என்று ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்ட பிறகு, சந்தேகம் என் பக்கமே திரும்பாதபடி சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வது எங்கள் ஆட்களுக்குத் தெரியும். திருட்டு, கள்ளத் தொடர்பு, தண்ணிப் பழக்கம், எதுவானாலும் கடைசியில் "சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணு" என்றுதான் வந்து நிற்கும். கொளுத்திய சூடத்தின்மேல் உள்ளங்கையைப் பட்டென்று அடித்து அணைத்துவிட்டு, "நான் செய்யல" என்று சொல்ல வேண்டும். வேகமாக அடித்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. அதனால்தான் அத்தனை குடிகாரர்களும் அத்தனை தடவை சத்தியம் செய்கிறார்கள். கதைக்கு அது போதாது. எனவே நான் கூட்டினேன்.

ஒரு ஊரில் மாடு காணாமல் போனது. மூன்று பேர்மேல் சந்தேகம். மூன்று பேரும் அம்மன் முன்னால் சூடத்தின்மேல் கை வைத்துப் பத்து எண்ணும் வரை எடுக்கக் கூடாது. முதல் ஆள் நல்லவன், சிரித்துக்கொண்டே எண்ணினான், கையில் ஒரு சிவப்புகூட இல்லை. இரண்டாவது ஆளும் நல்லவன், வாயே திறக்கவில்லை. மூன்றாவது ஆள் கை வைத்ததும் அலறினான், கை கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது. நான் பலகையில் கை வைத்து, கண்ணை உருட்டி, ஒன்று இரண்டு என்று எண்ணி, கடைசியில் கூரை அதிர அலறிக் காட்டினேன். பிள்ளைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. டீச்சர் கைதட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பதினோரு பேரில் ஒரு பிள்ளை தோட்டத்துக்குப் புதிது. தாய் பேராக் பக்கம் மூடிப்போன ஒரு தோட்டத்திலிருந்து வந்தவள். புருஷன் எங்கேயோ போய்விட்டான். கத்தரியால் கொழுந்து வெட்டும் வேலை, கடைசி லயனில் கடைசி வீடு. அந்தப் பிள்ளை அதிகம் பேசாது. ஆனால் பிஸ்கட் கிடைத்தால் மற்றவர்களைப்போல் கடிக்காமல் மேலே உள்ள சர்க்கரையை மட்டும் ஒரு மணி நேரம் நக்கும். திங்கட்கிழமை அது சிரப் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருந்தது. நாக்கு சிவப்பாக இருந்தது. மற்றவர்களுக்கு அது போதுமாயிற்று.

அன்று மத்தியானம் நான் பின்னால் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். முன்பக்கம், வேனுக்குக் காத்திருக்கும் இடத்தில், பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து எண்ணுவது கேட்டது.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

டீச்சர் ஜன்னல் பக்கமாக வந்து, "எவ்ளோ அழகா எண்ணுதுங்க பாருங்கண்ணே," என்றார்.

"நாலு... அஞ்சு..."

நானும் சிரித்தேன்.

"ஆறு... ஏழு..."

அப்புறம்தான் மூக்குக்கு எட்டியது.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது பத்துப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சிமெண்டுத் தரையில் சூடம். கோயில் திண்டில் இருந்த டப்பாவிலிருந்து எடுத்திருக்கிறார்கள். கொளுத்த லைட்டர் ஒருவனுடைய அப்பாவின் சட்டைப்பையிலிருந்து வந்திருந்தது. அந்தப் பெண்பிள்ளை கையை அதன்மேல் வைத்துக்கொண்டிருந்தது. முகம் வியர்த்து, உதடு நடுங்கியது. கத்தவில்லை. கதையில் நல்லவன் கத்தவில்லை. நான் இழுத்ததும்தான் எடுத்தது.

"அங்கிள் அங்கிள், கை கறுப்பாச்சு! அவதான்!"

"எட்டு வரைக்கும்கூட வரல!"

"பிஸ்கட் திருடி!"

அதுகளின் முகத்தில் துளிக் கெட்ட எண்ணம் இல்லை. பாடத்தைச் சரியாகச் செய்து முடித்த சந்தோஷம்தான் இருந்தது.

தண்ணீர்க் குழாயின் கீழ் அந்தக் கையைப் பிடித்தேன். கரி போனதும் கீழே தோல் வெள்ளையாக எழும்பியிருந்தது. யாரோ ஓடிவந்து பல்பசையைத் தடவப் பார்த்தார்கள், தள்ளிவிட்டேன். தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரஸர் மருந்து போட்டுக் கட்டினார். இப்படி ஆழமாக ஏன் வெந்தது என்று கேட்டார். விளையாட்டில் என்று டீச்சர் சொன்னார்.

தாயை மலைச்சரிவிலிருந்து கூப்பிட்டு வந்தார்கள். இடுப்பில் பிளாஸ்டிக் தாள் கட்டியபடி, கத்தரியைக்கூடக் கீழே வைக்காமல் வந்தாள். இரண்டு பேரையும் வேனில் வீட்டுக்குக் கொண்டுபோனேன். வழியில் அவள் பிள்ளையைக் கேட்டாள்.

"எடுத்தியாடி?"

"தெரியலம்மா."

"தெரியலன்னா என்னாடி அர்த்தம்? எடுத்தியா, எடுக்கலியா?"

பிள்ளை கட்டுப்போட்ட கையைப் பார்த்தது. "கை சுட்டுச்சில்ல. அப்ப எடுத்திருப்பேன்."

நான் கியர் மாற்றினேன். அவ்வளவுதான் செய்தேன்.

சாயங்காலத்துக்குள் அந்தக் கை பெற்றோர்களின் வாட்சப் குழுவில் வந்துவிட்டது. கட்டுப் போடுவதற்கு முன்னால் யார் எடுத்தார்களோ தெரியாது, நல்ல வெளிச்சத்தில், விரல்களை விரித்துப் பிடித்து எடுத்த படம். கீழே ஒருத்தி, "சாமி காட்டிக் குடுத்திருச்சி" என்று எழுதி மூன்று ஜோடிக் கும்பிடும் கைகள் போட்டிருந்தாள். இன்னொருத்தர், "சின்ன வயசுலேயே தெரிஞ்சது நல்லதுலா, திருத்திடலாம்" என்று குரல் அனுப்பியிருந்தார். மண்டோர் கட்டைவிரல் காட்டியிருந்தார். அவர்தான் கோயில் தலைவரும். கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போய்த் துப்பினேன். துப்பத் துப்ப எச்சில் ஊறியது.

வெந்த கை ஆறிவிடும். பெயர் ஆறாது. அந்தத் தோட்டத்தில் அறுபது வயதுக்காரர் ஒருவரை எல்லோரும் முட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். சிறுவயதில் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டுக் கோழிக்கூட்டில் கை விட்டாராம். பேரன் பேத்தி எடுத்துவிட்டார், மகள் கல்யாணப் பத்திரிகையைக் கொடுக்கப் போனபோதுகூட, "வா முட்டை, உட்காரு" என்றார்களாம். திங்கட்கிழமை சாயங்காலமே லயன் வாசலில் பிள்ளைகள் அவளைப் பிஸ்கட் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த வருடம் இதே பத்துப் பேரோடுதான் அவள் முதலாம் வகுப்புக்குப் போக வேண்டும். அதற்கடுத்த ஐந்து வருடமும் அதே பத்துப் பேர்.

மறுநாள் காலையில் டீச்சர் கெரெத்தாவை விட்டு இறங்கியதும் சொன்னேன்.

"டீச்சர், பிஸ்கட்டை எடுத்தது நான்."

அவர் என்னையே பார்த்தார். கண் கலங்கியது. "அண்ணே, உங்களுக்கு எவ்ளோ பெரிய மனசு."

"மனசு இல்ல டீச்சர். நான்தான் தின்னேன்."

"போதும்ணே. அந்தப் பிள்ளைமேல உங்களுக்குப் பாசம்னு தெரியும். ஆனா தப்ப மறைச்சா அவ எப்படித் திருந்துவா?"

மண்டோரிடம் போனேன். அவர் மோட்டாரைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"போடா, பொழப்பத்தவனே. மீசை வச்ச ஆம்பள எவனாச்சும் ஐஸ் பிஸ்கட் திம்பானா?"

"நான் தின்னேன்."

"சரி, தின்ன. அப்ப அவ கை ஏன் சுட்டுச்சு?"

பத்து எண்ணினால் யாருக்கும் சுடும் என்றேன். அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. அந்த வெந்த கை அவர்களுக்கு வசதியாக இருந்தது. புதிதாக வந்தவள், ஆம்பிளை இல்லாத வீடு, சாமியே சொல்லிவிட்டது. இதைவிட்டு என் பேச்சை ஏன் கேட்க வேண்டும்? மெத்தைக்கடியில் இருந்த பையைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. வாயால் சொன்னதே போதும், செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்திருந்தது. நம்பாதது அவர்கள் பாடு என்று போய்ப் படுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை அந்தப் பிள்ளை வந்தது. தாய்க்கு வேலைக்குப் போக வேண்டும், வீட்டில் வைத்துக்கொள்ள ஆள் இல்லை. டீச்சர் வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. உடனே பிள்ளைகளை உட்காரவைத்தார். என்னையும் கூப்பிட்டு முன்னால் நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"இன்னிக்கி ஒரு நல்ல காவல்காரரோட கதை. ஒரு சின்னப் பொண்ணு தெரியாம ஒரு தப்புப் பண்ணிருச்சு. எல்லாரும் அவளைத் திட்டுனாங்க. அப்ப அந்தக் காவல்காரரு என்ன சொன்னாரு தெரியுமா? 'நான்தான் பண்ணேன், என்னைத் திட்டுங்க'ன்னு சொன்னாரு. ஏன் சொன்னாரு? ஏன்னா அவரு நெஞ்சுல அன்பு இருந்துச்சு."

பிள்ளைகள் என்னைப் பார்த்தன. ஒன்று கைதட்டியது, மற்றவையும் தட்டின.

"இப்ப அந்தப் பொண்ணு என்ன செய்யணும்?"

"நன்றி சொல்லணும்!"

"நீ வாம்மா. அங்கிள் கால்ல விழுந்து கும்பிட்டுக்க."

அது எழுந்து வந்தது. மறுக்கத் தெரியவில்லை. எச்சில் இலை எடுத்திருக்கிறேன், அடைத்துக்கொண்ட கக்கூஸைக் கையால் குத்தியிருக்கிறேன், செத்து மூன்று நாளான நாயைச் சாக்கில் கட்டி இழுத்திருக்கிறேன். அந்தக் கட்டுத்துணி என் கால்விரலில் பட்டபோது வந்த அருவருப்பு வேறெதிலும் வந்ததில்லை. நான் தின்ற பிஸ்கட்டுக்கு அவள் கை வெந்தது. அந்தக் கையாலேயே என் காலைத் தொடவும் வைத்தாயிற்று.

எழுந்து வெளியே போனேன். கோயில் திண்டிலிருந்து சூடம் ஒரு கட்டி எடுத்தேன். சாமான் அறையில் மெத்தையைத் தூக்கிப் பிளாஸ்டிக் பையை எடுத்து இடுப்பில் செருகினேன். திரும்பி வந்து வகுப்பு நடுவில், தரையில், சூடத்தைக் கொளுத்தினேன்.

"அண்ணே, என்ன செய்யறீங்க?" டீச்சர் பதறினார்.

பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னேன். "நல்லாப் பாத்துக்குங்க. நான் பிஸ்கட்டைத் தொடவே இல்ல. சத்தியம்."

பட்டென்று அடித்தேன். அணைந்தது. கையை விரித்து ஒவ்வொரு பிள்ளை முகத்துக்கு முன்னாலும் நீட்டினேன்.

"சுடல!" என்றான் ஒருவன்.

"அப்ப அங்கிள் நல்லவரு!"

இடுப்பிலிருந்து பையை எடுத்து அவிழ்த்தேன். ரோஸ், பச்சை, மஞ்சள். ஒன்றை எடுத்து அவர்கள் முன்னாலேயே வாயில் போட்டுக் கடித்தேன். பழசாகி நமுத்துப்போயிருந்தது.

"எங்க பிஸ்கட்!"

"ஆமா, உங்க பிஸ்கட். டின்ல இருந்து நான்தான் எடுத்தேன். பொய்ச் சத்தியம் பண்ணேன், சுடல. சூடத்துக்கு யாரு திருடன்னு தெரியாது. சீக்கிரம் கை எடுத்தா சுடாது, வச்சுக்கிட்டே இருந்தா சுடும். பத்து எண்ணணும்னு சொன்னேன் பாரு, அதுவும் நான் சும்மா சொன்னது."

அந்தப் பெண்பிள்ளை எழுந்து வந்தது. கட்டுப் போடாத இடது கையால் என் உள்ளங்கையைத் தடவிப் பார்த்தது.

"சுடலியா?"

"இல்ல."

"நீதான் தின்னியா?"

"நான்தான்."

"அப்ப நான் எடுக்கல," என்றது. எனக்குச் சொல்லவில்லை, தனக்குத்தான். இரண்டாம் தடவை உரக்கச் சொன்னது. "நான் எடுக்கல!" அப்புறம் என் முழங்காலுக்குக் கீழே, எலும்பைப் பார்த்து, ஷூ காலால் ஓர் உதை விட்டது. நல்ல உதை.

அதற்காகவே காத்திருந்ததுபோல் மற்ற பத்தும் எழுந்துகொண்டன. "பிஸ்கட் திருடன்! பிஸ்கட் அங்கிள்!" ஒருவன் என் கையிலிருந்த பையைப் பிடுங்கிக்கொண்டான். உடனே பங்கு பிரிக்கச் சண்டை. டீச்சர் அழுதுகொண்டிருந்தார்.

"பிள்ளைங்க முன்னால இப்படிச் செஞ்சிட்டீங்களே. இனிமே நான் என்ன கதை சொன்னாலும் நம்புமாண்ணே?"

அந்தப் பிள்ளையின் கையைப் பற்றி அவர் அப்போதும் ஒரு சொல் சொல்லவில்லை. இரக்கம் இல்லாதவர் என்று நான் சொல்ல மாட்டேன். கதை உடைந்ததுதான் அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது.

சத்தம் கேட்டு மண்டோர் வந்தார். விஷயத்தை டீச்சர் சொன்னார். மண்டோர் என் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"சூடத்துல பொய்ச் சத்தியம் பண்ணுனியாடா? அம்மன் சூடத்துல?"

"ஆமா. பிஸ்கட்டும் நான்தான்."

"பிஸ்கட் கிடக்குது மயிரு. சூடத்துல விளையாடுனியா?"

அவர் கேட்டது அது ஒன்றைத்தான். ஒரு குழந்தை ஏழு எண்ணும் வரை அதே சூடத்தில் வெந்தபோது கட்டைவிரல் காட்டிய மனிதர். என் முகத்தில் ஓர் அறை விட்டார். அரை மணி நேரத்தில் தோட்டத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்றார். நான் பத்து நிமிடத்தில் பையைக் கட்டிவிட்டேன்.

கடைசி லயனைத் தாண்டும்போது அந்தத் தாய் தேயிலைச் சரிவிலிருந்து குறுக்கே இறங்கி வந்தாள். செய்தி அதற்குள் அவளுக்குப் போயிருந்தது. மழைத்தாளுக்குள் கையை விட்டுக் கைபேசியை எடுத்தாள்.

"நீதானா?"

"நான்தான்கா."

"அக்கான்னு கூப்பிடாத." கைபேசியை என் வாய்க்கு நேராக நீட்டினாள். வாட்சப் குழுவைத் திறந்து, குரல் பதியும் பொத்தானை அழுத்தியிருந்தாள். "சொல்லு."

"பிஸ்கட்டைத் தின்னது நான்."

"யாரு எடுக்கலன்னும் சொல்லு."

"பிள்ளை எடுக்கல. பிள்ளைமேல ஒரு தப்பும் இல்ல."

அனுப்புவதற்கு முன்னால் காதில் வைத்துக் கேட்டாள். முகம் சுளித்தாள். "காத்து. ஒண்ணும் கேக்கல. இன்னொரு தடவை சொல்லு. சத்தமா."

மழைக்கு முதுகைக் காட்டி நின்று மறுபடியும் சொன்னேன். அவள் பிள்ளையின் பெயரைச் சொல்லச் சொன்னாள், சொன்னேன். என் பெயரையும் சொல்லச் சொன்னாள், அதையும் சொன்னேன். அனுப்பினாள். கேட்டவர்களின் பெயர் ஒவ்வொன்றாக ஏறும் வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் யார் கேட்டார்கள் என்று வாய்க்குள் எண்ணினாள். அப்புறம் என் காலடியில் த்தூ என்று துப்பிவிட்டு, கத்தரியை எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள். நன்றி என்று ஒரு சொல் அவள் வாயிலிருந்து வந்திருந்தால் நான் அங்கேயே வாந்தி எடுத்திருப்பேன்.

அப்படித்தான் அந்த மண்சாலையில் இறங்கினேன். பெரிய சாலைக்கு வந்ததும் காய்கறி லோரி ஒன்று நிறுத்தி ஏற்றிக்கொண்டது. ஓட்டுநர் எங்கே போகிறாய் என்றார். நீங்கள் எங்கே போகிறீர்கள் என்றேன். கோலா தெர்லா என்றார். சரி என்றேன். அன்றைக்கு அங்கே ஒரு மூடிய கடையின் முன்கூரையில் படுத்தேன்.

காலை ஆறரைக்குச் சாலையோரத் தோட்டம் ஒன்றில் வேலை கேட்டேன். தவுக்கே, அதாவது சீன முதலாளி, வயதானவர், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். லோரி நிறையக் கோழி எரு மூட்டை வந்து நின்றது. இறக்க ஆள் வரவில்லை. நாற்றத்தில் கண் எரிந்தது, மூட்டைகளின்மேல் ஈ கறுப்பாக மொய்த்தது.

"முன்னால எங்க வேலை?" என்று மலாயில் கேட்டார்.

"மேல, தேயிலைத் தோட்டத்தில்."

"ஏன் விட்டே?"

"திருடினேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன திருடினே?"

"சின்னப் பிள்ளைங்க பிஸ்கட்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. முகத்தைச் சுளித்து, ஓரடி பின்னால் போனார். அந்தப் பிள்ளைக்கும் தாய்க்கும் அப்புறம் எனக்குக் கிடைத்த சரியான முகம் அதுதான். கொஞ்ச நேரம் லோரியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சாக்குத் துண்டு ஒன்றை எடுத்து என் தோள்மேல் எறிந்தார். நான் முதல் மூட்டைக்கு முதுகைக் கொடுத்தேன்.